எஸ்.ஜி.பி.டி. போடும் முன்: லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு சிறிய லேபில் சேர்ந்தால், முதல் வாரம் ரத்தம் எடுக்கவும் குழாய்க்குப் பெயர் எழுதவும் விடுவார்கள். இரண்டாம் வாரம் சர்க்கரை, யூரியா. மூன்றாம் வாரம் யாராவது லீவு போட்டதும், "எல்.எஃப்.டி.யும் நீயே போட்டுடு, எல்லாம் மெஷின்லயே ப்ரோகிராம் பண்ணியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எல்.எஃப்.டி. என்பது கல்லீரல் பரிசோதனைகளின் தொகுப்பு, எஸ்.ஜி.பி.டி. அதில் ஒன்று. சர்க்கரை போடுகிற அதே கையோடு எஸ்.ஜி.பி.டி.யையும் போட்டால் பெரும்பாலும் சரியாகத்தான் வரும். தப்பாக வருகிற அந்த ஒன்றிரண்டுதான் பிரச்சினை. அவை பல நேரம் கல்லீரல் மிக மோசமாகிப் போன நோயாளியுடையவையாக இருக்கும்.

காரணம் எளிது. சர்க்கரைப் பரிசோதனையில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறோம். எஸ்.ஜி.பி.டி. ஒரு என்சைம், தமிழ்ப் பாடப் புத்தகத்தில் நொதி என்று படித்திருப்பீர்கள். சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தில், அதன் எடை மிக மிகக் குறைவு. நம் பெஞ்சில் அதை நேரடியாக அளக்க முடியாது. அதனால் அது செய்கிற வேலையின் வேகத்தை அளக்கிறோம். ஹோட்டலில் சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாத ஒருவர், நிமிடத்துக்கு எத்தனை தோசை வெளியே வருகிறது என்று எண்ணி, உள்ளே எத்தனை மாஸ்டர் நிற்கிறார்கள் என்று கணக்கிடுவதைப் போல. கல் சூடு குறைந்தாலும் தோசை குறையும். மாவு தீர்ந்துபோனால் தோசையே வராது. ஆனால் மாஸ்டர்கள் உள்ளே சும்மா நின்றுகொண்டுதான் இருப்பார்கள். இந்தத் தோசைக் கணக்கை மறக்காதீர்கள், திரும்பத் திரும்ப அதற்கே வருவோம்.

ரிப்போர்ட்டில் போடுகிற ‘யூனிட்’ என்பதும் வேகம்தான். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் என்சைம் ஒரு யூனிட். ‘40 யூனிட்/லிட்டர்’ என்றால், 37 டிகிரியில், பரிசோதனைக்கு வாங்கும் ரசாயனப் பெட்டியான கிட்டின் சூழலில், ஒரு லிட்டர் சீரம் நிமிடத்துக்கு 40 மைக்ரோமோல் வேலை செய்கிறது என்று பொருள். சூழல் மாறினால் எண்ணும் மாறும். பக்கத்துத் தெரு லேபில் 52 வந்தது, உங்களிடம் 46 வந்தது என்று நோயாளி கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பெயர்க் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். டாக்டர் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று எழுதுவார், கிட் பெட்டியில் ஏ.எல்.டி. என்று இருக்கும், சில மெஷினில் ஏலாட் என்று வரும். மூன்றும் ஒன்றே. அதேபோல எஸ்.ஜி.ஓ.டி.யும் ஏ.எஸ்.டி.யும் ஒன்று. எஸ்.ஜி.பி.டி. பெருமளவு கல்லீரல் செல்லுக்குள் இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டுமின்றி இதயத்திலும், தசையிலும், சிவப்பணுவிலும் உண்டு. செல் காயப்பட்டால் உள்ளே இருப்பது ரத்தத்தில் கசிகிறது, அந்தக் கசிவைத்தான் பிடிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், எஸ்.ஜி.ஓ.டி. முதலில் கல்லீரலுக்காகப் பிரபலமான பரிசோதனை இல்லை. 1954-இல் நியூயார்க்கில் லடூ, ரூப்லெவ்ஸ்கி, கார்மன் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் சீரத்தில் அது ஏறுவதைக் காட்டினார்கள். கல்லீரல் பக்கம் அது வந்தது அதற்குப் பின்புதான். மறு வருடம் கார்மன் எழுதிவைத்த ஒளி அளவீட்டு முறையின் பேரப்பிள்ளைதான் இன்று உங்கள் கிட் பெட்டிக்குள் இருப்பது.

ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பாதி வேலை

சிவப்பு மூடிக் குழாய் அல்லது ஜெல் உள்ள மஞ்சள் மூடிக் குழாய். சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கிறது, அது என்சைம்களைக் கெடுக்கும். சர்க்கரைக்கு எடுத்த மிச்ச பிளாஸ்மாவில் எல்.எஃப்.டி. போட ஆசைப்படாதீர்கள். ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. இருக்கிறது. அது மெக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும். எல்.எஃப்.டி.யில் நாம் போடும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமுக்கு அந்த இரண்டும் வேண்டும். அதனால் அந்தக் குழாயில் போட்டால் எண் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். குழாய்களை நிரப்பும்போது ஊதாக் குழாயிலிருந்து நாலு சொட்டு சிவப்புக் குழாயில் விழுந்தாலும் பாதிப்பு உண்டு. குழாய்களை நிரப்பும் வரிசையை வாத்தியார் சும்மா மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். ஊசியோடு பீய்ச்சி அடித்தால் சிவப்பணு உடையும், சீரம் ரோஸ் நிறத்தில் வரும். சிவப்பணுவுக்குள் எஸ்.ஜி.ஓ.டி. சீரத்தைவிடப் பல மடங்கு அதிகம். எஸ்.ஜி.பி.டி.க்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆகவே எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் தனியாக உயர்ந்து நின்றால், முதலில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

உறைய அரை மணி நேரம் விட வேண்டும். கூட்டம் அதிகமான காலை வேளையில் பத்து நிமிடத்திலேயே சென்ட்ரிஃபியூஜில் போடத் தோன்றும். போட்டால் சீரத்துக்குள் ஃபைப்ரின் நூல் மிதக்கும், அது பைபெட் டிப்பின் வாயை அடைத்து, 100 மைக்ரோலிட்டருக்குப் பதிலாக 60 எடுத்துக் கொடுக்கும். மெஷினுக்கு அது தெரியாது. உறைந்த பின் 3000 ஆர்.பி.எம்.-இல் 10 நிமிடம். பிரிந்த சீரத்தைக் கட்டியின் மேலேயே மணிக்கணக்காக வைக்காமல் தனிக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள்.

அன்றே போட முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம். ஃப்ரீசரில் தள்ளாதீர்கள், உறைந்து உருகினால் எஸ்.ஜி.பி.டி. வீரியம் இழக்கும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இதற்கு நேர்மாறு, வைக்க வைக்கக் கொஞ்சம் ஏறும்.

சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: எடுத்த நேரம், சாப்பிடும் மருந்துகள், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சியோ இடுப்பு ஊசியோ உண்டா என்பது. மருந்து என்று கேட்டால் நம் ஆட்கள் இங்கிலீஷ் மாத்திரையை மட்டும்தான் சொல்வார்கள். கீழாநெல்லி, லேகியம், ஜிம்மில் கொடுத்த பவுடர் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வெறும் வயிறு கட்டாயமா என்று கேட்பார்கள். எஸ்.ஜி.பி.டி.க்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவரின் சீரம் பால் மாதிரி இருக்கும், ஒளி அதற்குள் போய்வருவதே கஷ்டம். காலையில் வரச் சொல்வது நமக்கும் நல்லது.

இன்னொன்று. எல்.எஃப்.டி.க்கு வரும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்க வாய்ப்பு மற்ற ரத்தத்தைவிட அதிகம். கையுறையும் மூன்று டோஸ் தடுப்பூசியும் இல்லாமல் இந்த வேலைக்கு உட்காராதீர்கள். முதலாளி தடுப்பூசிக்குக் காசு தரவில்லையென்றால் சண்டை போட்டு வாங்குங்கள்.

ரியேஜென்ட்: அங்கேதான் மாவு இருக்கிறது

எஸ்.ஜி.பி.டி. செய்கிற வேலை இது. அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியைப் பிடுங்கி ஆக்ஸோகுளூட்டரேட் மீது வைக்கிறது. அலனின் பைருவேட் ஆகிவிடுகிறது. இந்த மாற்றம் கண்ணுக்கும் தெரியாது, ஒளிமானிக்கும் தெரியாது. ஆகவே ஒரு தந்திரம். ரியேஜென்ட்டில், அதாவது கிட்டில் வரும் ரசாயனக் கரைசலில், எல்.டி.எச். என்ற இன்னொரு என்சைமையும், என்.ஏ.டி.எச். என்ற பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். பைருவேட் பிறந்தவுடனே எல்.டி.எச். அதை லேக்டேட்டாக மாற்றும், மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று என்.ஏ.டி.எச்.-ஐச் செலவழிக்கும். என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் ஒளியை விழுங்கும், செலவழிந்தபின் வருகிற என்.ஏ.டி. விழுங்காது. எனவே 340-இல் அப்ஸார்பன்ஸ், அதாவது ஒளி விழுங்கும் அளவு, இறங்குகிற வேகம்தான் எஸ்.ஜி.பி.டி.யின் வேகம்.

நமக்கு மாவு என்பது இந்த என்.ஏ.டி.எச்.தான். அது வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெடும். பெரும்பாலான கிட்டில் ஆர்1, ஆர்2 என்று இரண்டு பாட்டில் இருக்கும், ஆர்1 நான்கு பங்கு, ஆர்2 ஒரு பங்கு கலந்து வொர்க்கிங் ரியேஜென்ட் செய்வோம். அன்றைக்கு எத்தனை சாம்பிள் வரும் என்று பார்த்து அளவாகக் கலக்குங்கள். கலந்த தேதியையும் நேரத்தையும் பாட்டிலில் எழுதுங்கள். தினமும் காலையில் அதன் அப்ஸார்பன்ஸை 340-இல் நீருக்கு எதிராகப் பாருங்கள். பல கிட்டின் தாளில் 1.0-க்குக் கீழே போனால் கொட்டிவிடு என்றிருக்கும். உங்கள் கிட்டின் தாள் என்ன சொல்கிறதோ அதுவே சட்டம். இதை ஒரு நோட்டில் குறித்துவந்தால் ஃப்ரிட்ஜ் சரியில்லை என்பதைக்கூட அது காட்டிக்கொடுக்கும். இரவு கரன்ட் போனதை யாரும் நம்மிடம் சொல்ல மாட்டார்கள், காலையில் 1.3-லிருந்து 1.1-க்கு இறங்கியிருக்கும் ரியேஜென்ட் சொல்லும்.

தாளில் ‘பி5பி உள்ளது’ அல்லது ‘பி5பி இல்லாமல்’ என்று ஒரு வரி இருக்கும். அது வைட்டமின் பி6-இன் ஒரு வடிவம், எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டுக்கும் துணைப்பொருள். சர்வதேச ஒப்பீட்டு முறையில் அதைச் சேர்க்கிறார்கள். நம்மிடம் வரும் பல கிட்களில் சேர்ப்பதில்லை. பி6 குறைந்தவர்களுக்கு, குறிப்பாக நீண்ட நாள் குடிப்பவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும், பி5பி இல்லாத கிட்டில் எண் குறைவாக வரும். லேப் மாறினால் எண் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிட் கம்பெனியை மாற்றினால் டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மெஷினில் என்ன பதிந்திருக்கிறது என்று ஒருமுறையாவது பாருங்கள்

நாம் கையால் கலந்து கொடுத்ததை அளக்கும் மெஷினான செமி ஆட்டோ அனலைசரில் எஸ்.ஜி.பி.டி. ப்ரோகிராமைத் திறந்தால் இவை தெரியும்: முறை கைனடிக் (வேகத்தை அளப்பது), அலைநீளம் 340, வெப்பம் 37, தொடக்கக் காத்திருப்பு 60 விநாடி, பிறகு மூன்று நிமிடம் வாசிப்பு, ஃபேக்டர் 1768 அல்லது 1746. நிமிடத்துக்கு இறங்கும் அப்ஸார்பன்ஸை யூனிட்டாக மாற்றப் பெருக்கும் எண்தான் இந்த ஃபேக்டர், அது வானத்திலிருந்து வந்ததில்லை. மொத்தக் கலவை 1.1 மில்லி, அதில் சீரம் 0.1 மில்லி, என்.ஏ.டி.எச்.-இன் ஒளி விழுங்கும் திறன் 6.22, பாதை 1 சென்டிமீட்டர். 1.1-ஐ 1000-ஆல் பெருக்கி, 6.22 பெருக்கல் 0.1-ஆல் வகுங்கள், 1768 வரும். 6.22-க்குப் பதில் 6.3 என்று எடுத்துக்கொண்ட கம்பெனி 1746 என்று அச்சடிக்கும். ரியேஜென்ட் மிச்சம் பிடிக்க 500-க்கு 50 போட்டாலும் விகிதம் அதேதான், ஃபேக்டர் மாறாது. 500-க்கு 100 போட்டால் ஃபேக்டர் அடியோடு மாறிவிடும். சிக்கனம் என்ற பெயரில் விகிதத்தை மாற்றிவிட்டு பழைய ஃபேக்டரையே வைத்திருக்கும் லேபைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எஸ்.ஜி.பி.டி.யில் அப்ஸார்பன்ஸ் இறங்குவதால் ஃபேக்டருக்கு முன்னால் மைனஸ் வேண்டும், அல்லது ‘இறங்கும் வினை’ என்று தேர்ந்திருக்க வேண்டும். மறந்தால் ரிசல்ட் மைனஸ் 35 என்று வரும். பயப்பட ஒன்றுமில்லை, அதைத் திருத்துங்கள்.

60 விநாடி காத்திருப்பு எதற்கு? நோயாளியின் சீரத்திலேயே கொஞ்சம் பைருவேட் ஏற்கெனவே இருக்கும். எல்.டி.எச். முதலில் அதை முடித்துவிடும். அதுவரை இறங்குகிற வேகம் எஸ்.ஜி.பி.டி.யின் வேகமாக இருக்காது. அவசரம் என்று இந்த ஒரு நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

கை வேலை

வொர்க்கிங் ரியேஜென்ட் 1 மில்லியைக் குழாயில் எடுத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் சில நிமிடம் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சீரத்தைக் கலந்தால் சூடாகாத கல்லில் மாவை ஊற்றிய கதைதான். முதல் நிமிட வேகம் குறைவாகவும் மூன்றாம் நிமிட வேகம் கூடுதலாகவும் வரும். கரன்ட் போய் வந்தால் மெஷினும் குளிர்ந்திருக்கும், 37 என்று காட்டும்வரை காத்திருங்கள்.

காய்ச்சி வடித்த நீரை உறிஞ்சவிட்டு பிளாங்க் போடுங்கள், அதாவது மெஷினைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். பிறகு மைக்ரோபைபெட்டில் புது டிப் மாட்டி, ஒருமுறை சீரத்தை இழுத்துத் திரும்ப விட்டு, இரண்டாவது முறை 100 மைக்ரோலிட்டர் எடுங்கள். டிப்பின் வெளிப்பக்கம் ஒட்டியிருப்பதை டிஷ்யூவால் துடையுங்கள், ஆனால் நுனியைத் தொடாதீர்கள், தொட்டால் உள்ளே இருப்பதையும் அது உறிஞ்சிவிடும். ரியேஜென்ட்டுக்குள் விட்டு, நுரை வராமல் கலந்து, உடனே மெஷினுக்கு உறிஞ்சக் கொடுங்கள். சீரம் விழுந்த நொடியே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஐந்து குழாயில் வரிசையாகச் சீரம் போட்டுவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக உறிஞ்சக் கொடுப்பது சர்க்கரைக்குச் சரி, இங்கே தப்பு. ஐந்தாவது குழாய் தன் முறைக்குள் பாதி மாவைத் தீர்த்திருக்கும்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் பிறகு, மெஷினுக்குள் கலவை நின்று ஒளி பாயும் ஃப்ளோ செல்லை நீரால் கழுவுங்கள். மிக உயர்ந்த சாம்பிளுக்குப் பின் இரண்டு மூன்று முறை.

எண்ணுக்கு முன் கோட்டைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

மூன்று நிமிட வாசிப்பில் மெஷின் திரையில் ஒரு கோடு வரையும், கர்வ் என்போம். நல்ல சாம்பிளில் அது மேலிருந்து கீழே நேராகச் சரியும். எடுத்துக்காட்டாக 1.284, 1.255, 1.227, 1.197. நிமிடத்துக்கு 0.029, 0.028, 0.030. சராசரி 0.029, அதை 1768-ஆல் பெருக்கினால் 51. மூன்று இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். மாவு போதுமான அளவு இருக்கிறது, கல் சூடாக இருக்கிறது, மாஸ்டர்கள் சீராக வேலை செய்கிறார்கள். இப்படிப்பட்ட கோட்டிலிருந்து வந்த எண்ணை நம்பலாம். கோடு நடுவில் குதித்தால் காற்றுக் குமிழி. தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சரிந்தால் ரியேஜென்ட் குளிர்ச்சி. இரண்டுக்கும் திரும்பப் போடுவதே மருந்து.

மூன்றாவது வகைக் கோடு எனக்கு வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம் வந்தது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு சின்ன லேப். சீரம் கடலை எண்ணெய் மாதிரி கரும்மஞ்சளாக இருந்தது, காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிரூபின் 14. எஸ்.ஜி.பி.டி. போட்டேன், 9 வந்தது. நார்மல்தானே என்று நிம்மதியாக எழுதி, சீனியர் அக்காவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தார்.

"இவ்வளவு மஞ்சளா இருக்கு, 9-ஆ? கர்வ் பாத்தியா?"

பார்க்கவில்லை. மெஷினில் திரும்ப எடுத்தோம். 0.214, 0.211, 0.206, 0.199. கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. தொடங்கும்போதே 1.2-க்கு மேல் இருக்க வேண்டிய அப்ஸார்பன்ஸ், முதல் வாசிப்பிலேயே 0.2. அந்த 60 விநாடிக் காத்திருப்புக்குள்ளேயே என்.ஏ.டி.எச். முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. மாவில்லாத கடையின் வாசலில் நின்று தோசையை எண்ணியிருக்கிறேன். 100 மைக்ரோலிட்டர் சீரத்தை 900 மைக்ரோலிட்டர் நார்மல் சலைனில் கலந்து மறுபடி போட்டோம். 262 வந்தது, பத்தால் பெருக்கினால் 2620.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. 2620-ஐ 1768-ஆல் வகுத்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1.5 அப்ஸார்பன்ஸ் இறங்க வேண்டும். ரியேஜென்ட்டில் இருப்பதே 1.2-தான். ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

ஆகவே ரிசல்ட்டைக் குறிக்கும் முன் மூன்று கேள்வி. முதல் வாசிப்பின் அப்ஸார்பன்ஸ் எவ்வளவு? இடைவெளிகள் சமமா? நிமிடத்துக்கான இறக்கம் கிட் தாள் சொல்லும் எல்லைக்குள் இருக்கிறதா? பல கிட்டில் அந்த எல்லை 0.16 என்று இருக்கும். தாண்டினால் ஒரு பங்கு சீரத்தோடு ஒன்பது பங்கு சலைன் கலந்து மறுபடி போட்டு பத்தால் பெருக்குங்கள். பெரிய லேப்களின் முழுத் தானியங்கி மெஷின் இதைத் தானே கண்டுபிடித்துக் கொடி காட்டும். செமி ஆட்டோவில் பல மாடல்கள் காட்டாது, காட்டினாலும் ஓரத்தில் ஒரு சிறு குறியாகத்தான் காட்டும். எதுவும் காட்டாத மெஷினில் கொடி நீங்கள்தான்.

மற்றவை, சுருக்கமாக

எஸ்.ஜி.ஓ.டி. கிட்டத்தட்ட இதே கதை. அலனினுக்குப் பதில் அஸ்பார்ட்டேட், துணை என்சைம் எம்.டி.எச். ஒளியும் காத்திருப்பும் ஆபத்தும் அதேதான்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸில் நிறம் ஏறும். நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் என்ற நிறமற்ற பொருளை என்சைம் வெட்டினால் மஞ்சள் வருகிறது, 405-இல் படிக்கிறோம். மைனஸ் கிடையாது. சீரமும் 20 மைக்ரோலிட்டர் மாதிரிக் கொஞ்சம்தான், அதனால் பைபெட் பிழை இங்கே பெரிதாகத் தெரியும். கிட்டில் பஃபர், அதாவது காரத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் கரைசல், ஏ.எம்.பி. வகையா டி.இ.ஏ. வகையா என்று பாருங்கள். டி.இ.ஏ. பஃபரில் எண் கணிசமாக அதிகம் வரும், நார்மல் வரம்பும் வேறு. பழைய ரிப்போர்ட் ஃபார்மில் அச்சடித்த வரம்பை அப்படியே வைத்திருந்தால் ஊரில் பாதிப் பேருக்குக் காமாலை என்று தோன்றும். வளரும் குழந்தைக்கு எலும்பிலிருந்தும், கடைசி மாதங்களில் கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும் இது வரும், ஆகவே வயதும் கர்ப்பமும் சீட்டில் வேண்டும்.

ஜி.ஜி.டி. என்ற இன்னொரு என்சைமும் 405, ஏறும் வினை, வழக்கமான ஃபேக்டர் 1158. அது எலும்பில் இல்லை. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்து ஜி.ஜி.டி.யும் உயர்ந்தால் பித்தநீர்ப் பாதைப் பக்கம் பார்வை போகும், ஜி.ஜி.டி. நார்மலாக இருந்தால் எலும்புப் பக்கம்.

கன்ட்ரோல்

காலையில் நோயாளி சாம்பிளுக்கு முன், எண் முன்கூட்டியே தெரிந்த கன்ட்ரோல் சீரம், நார்மல் ஒன்று, உயர்ந்தது ஒன்று. வந்ததை லெவி ஜென்னிங்ஸ் தாள் என்ற தினசரி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். சராசரி 42, எஸ்.டி. (வழக்கமான விலகல்) 2 என்று வைத்துக்கொண்டால், இரண்டு எஸ்.டி.யைத் தாண்டிய 47 எச்சரிக்கை, மூன்றைத் தாண்டிய 49 வந்தால் அன்றைய வேலை நிற்க வேண்டும். நின்று, ரியேஜென்ட், வெப்பம், பைபெட் என்று இந்த வரிசையில் தேடுங்கள். புள்ளிகள் நாளுக்கு நாள் ஒரே பக்கம் நகர்ந்தால் ரியேஜென்ட் சாகிறது. உறைய வைத்துக் காய வைத்த கன்ட்ரோல் பவுடரில் சரியாக எவ்வளவு நீர் விட்டீர்கள் என்பதிலேயே பாதி சண்டை தீரும். கன்ட்ரோல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் போட்டு, சரியானதை மட்டும் எழுதுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தரச் சோதனையில் உங்கள் லேப் சேர்ந்திருந்தால், அந்தச் சாம்பிளையும் சாதாரண நோயாளி சாம்பிள் போல ஒரே முறை போடுங்கள். ஸ்பெஷலாக மூன்று முறை போட்டு மார்க் வாங்குவதில் யாருக்கும் லாபமில்லை.

எண் கையில் வந்தபின்

நோய் கண்டுபிடிப்பது நம் வேலையில்லை. ஆனால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் வேலை. அதற்கு எந்த நோயில் எப்படி வரும் என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

வைரஸ் காமாலையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஆயிரத்தைத் தாண்டும், பொதுவாக எஸ்.ஜி.பி.டி. மேலே இருக்கும். பாரசிட்டமால் அதிகமாக விழுங்கினால் பல ஆயிரம் போகலாம். மதுவால் கெட்ட கல்லீரலில் எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஆனால் 300-ஐத் தாண்டுவது அரிது. 1957-இல் நேப்பிள்ஸில் டி ரிட்டிஸ் கவனித்த இந்த விகிதத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். கொழுப்புக் கல்லீரலில் எஸ்.ஜி.பி.டி. 60, 80 என்று சோம்பலாக நிற்கும். டெங்கு காலத்தில் எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைவிட அதிகமாக வருவது வழக்கம், அதைப் பார்த்து சாம்பிள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நம் ஊரில் தெரிந்துவைத்திருக்க வேண்டியது எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டைத் தின்றவருக்கு முதல் நாள் எல்.எஃப்.டி. நார்மலாகவே வரலாம், ஆளும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். ஏற்றம் ஓரிரு நாள் கழித்துத்தான். டாக்டர் தினமும் அனுப்பச் சொன்னால் ‘நேத்துதானே போட்டோம்’ என்று முணுமுணுக்காதீர்கள்.

காசநோய் மாத்திரை சாப்பிடுபவரின் எண்ணையும் கவனமாகப் போடுங்கள். வாந்தி, காமாலை போன்ற அறிகுறியோடு மேல்வரம்பைப் போல மூன்று மடங்கு, அறிகுறி இல்லாமல் ஐந்து மடங்கு தாண்டினால் மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டர் முடிவெடுப்பார். 40 வரம்பு என்றால் 120, 200. அந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் பைபெட்டின் 10 சதவீதப் பிழைகூட ஒருவரின் சிகிச்சையை மாற்றிவிடும்.

வரம்பு என்று சொன்னேன். நம் ஃபார்மில் ‘40 வரை’ என்று அச்சடித்திருக்கும். அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆரோக்கியமானவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. மேல்வரம்பு ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 என்றுதான் கொடுத்தார்கள். உங்கள் ஃபார்மை நீங்களாக மாற்ற வேண்டாம். 38 வந்த பெண்ணிடம் ‘ஒண்ணுமில்லம்மா, நார்மல்’ என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இறங்குவதையும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எஸ்.ஜி.ஓ.டி. ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 17 மணி நேரம், எஸ்.ஜி.பி.டி.க்கு 47 மணி நேரம். காயம் நின்றால் எஸ்.ஜி.ஓ.டி. முதலில் இறங்கும். ஆனால் கசிவதற்கு செல்லே மிச்சமில்லை என்றாலும் இரண்டும் இறங்கும். 3000, 1400, 500 என்று இறங்கிக்கொண்டே, பிலிரூபினும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி. ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டே போனால் அது தேறுகிற நோயாளியின் ரிப்போர்ட் கிடையாது. முற்றிய சிரோசிஸிலும் (கல்லீரல் சுருக்கம்) எண் நார்மலாக இருக்கலாம்.

ஆயிரத்தைத் தாண்டினால் கலந்து மறுபடி போட்டு உறுதிசெய்த பின், ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். கவுன்ட்டரில் "அண்ணா, ஈரல் நல்லாருக்கா?" என்று கேட்பவரிடம், டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று முகத்தில் எதுவும் காட்டாமல் சொல்லப் பழக வேண்டும், அது பைபெட் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

கலந்து போட்ட சாம்பிளின் ரிப்போர்ட்டில் ‘1:10 கலந்து போடப்பட்டது’ என்று குறியுங்கள். சீரத்தில் ஹீமோலைசிஸ் (சிவப்பணு உடைந்தது) இருந்தால் அதையும். மிச்ச சீரத்தை மூடி ஃப்ரிட்ஜில் மறுநாள் வரைக்குமாவது வையுங்கள். காலையில் டாக்டர் போன் செய்து "நேத்து அந்த 2620, சரியாத்தான் இருக்கா?" என்று கேட்கும்போது, திரும்பப் போட்டுப் பார்க்க அந்தக் குழாய் இருக்க வேண்டும்.